ஏசி அண்ணன் செய்த பெட்டி

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு எப்படித் தயாராவது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தவர் செக்கர் சார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க ஒரே ஒரு தடவை விமானம் ஏறியவர். அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு அவர் எங்களை ஆட்டிவைத்தது கொஞ்சநஞ்சமல்ல. டிப்போ ஊழியர்களும் அவரவர் வீட்டாருமாக ஒரு பஸ் கொள்ளும் கூட்டம் நாங்கள். ஞாயிறு தவறாமல் டிப்போ கேன்டீனில் கூட வேண்டும், முதுகு பிடித்துக்கொள்ளும் அந்த பெஞ்சுகளில் உட்கார வேண்டும், அவர் பேசப் பேசத் தலையாட்ட வேண்டும்.

“நாம போறது வெயிலும் மழையும் ஒண்ணா அடிக்கிற ஊரு. ஜீன்ஸ் எடுத்துட்டு வராதீங்க, நனைஞ்சா லேசுல காயாது. காட்டன் போதும். சாயங்காலம் ஆனா முழுக்கை, இல்லேன்னா கொசு உங்களைத் தூக்கிட்டுப் போயிடும். பல்லு தேய்க்கக்கூட பாட்டில் தண்ணிதான். ஐஸ் போட்ட ஜூஸ் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாருக்கும் நானே குடுப்பேன். நாக்கு வறண்டா உடனே கலக்கிக் குடிச்சிடணும், கேள்வியே கேக்கக் கூடாது.”

உள்ளதைச் சொன்னால் எல்லாம் நல்ல யோசனைதான். சொல்லும் தோரணைதான் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனிடம் பேசுவது மாதிரி இருக்கும். மாற்றுச் செருப்பு எடுத்துவைத்தாயா, பாஸ்போர்ட் நகல் தனிப் பையில் இருக்கிறதா, பெட்டிப் பூட்டுக்கு இரண்டு சாவியா என்று வீடு வீடாக வந்து சோதனை போட்டார். என் வீட்டுக்காரர் அவருக்கு சல்யூட் அடிக்காத குறை. டயர் பிரிவில் வேலை பார்க்கிற மனிதர், யார் குரலை உயர்த்திப் பேசினாலும் சரிங்க சார் என்று பழகிவிட்டார்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை, உடம்பு இன்சுலின் சுரப்பதை அடியோடு நிறுத்திக்கொண்ட வகை. வேளாவேளைக்கு ஊசி போட்டால் நான் உண்டு, போடாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. நாளெல்லாம் ஊசியோடுதான் பிழைப்பு, ஒன்று துணிக்கு, ஒன்று வயிற்றுக்கு. இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு செக்கர் சார் என் பக்கம் திரும்பினார். “உங்க ஊசி மருந்து சூட்டுல கெட்டுடும்மா. என்ன ஏற்பாடு?”

“பாதி என் கைப்பையில, பாதி அவர் பையில சார். ஈரத்துணி சுத்தி வெச்சுப்பேன். எப்பவும் அப்படித்தான்.”

கேன்டீனே கொந்தளித்துவிட்டது. அந்த வெயிலுக்கு ஈரத்துணியா என்று ஒருத்தர், உயிர் விஷயத்தில் விளையாடாதே என்று ஒருத்தர். அப்போதுதான் பின் பெஞ்சிலிருந்து ஏசி அண்ணன் எழுந்தார். பஸ்களுக்கு ஏசி பழுது பார்ப்பவர். ஆள் பார்க்க அலமாரி மாதிரி இருப்பார், குரல் மட்டும் பூனைக்குட்டி. கூடப்பிறந்த பெண் கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார், அதை வெறும் வார்த்தையாக அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

“குளிர வெக்கிறதுதானே சார் என் வேலை? அந்தப் பொறுப்பை என்கிட்ட விடுங்க,” என்றார்.

அடுத்த ஞாயிறு பெட்டியோடு வந்தார். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே தெர்மோகோல், மூடிக்கு பஸ் கதவில் போடுகிற ரப்பர் பட்டை, அடியில் நீல நிற ஜெல் பொட்டலங்களைச் செருக அறை. காலையிலேயே ஒரு ஐஸ் கட்டியை உள்ளே போட்டு டிப்போ முற்றத்து வெயிலில் வைத்துவிட்டாராம். கூட்டம் முடிந்து எல்லாரும் சூழ்ந்து நிற்கத் திறந்து காட்டினார். ஐஸ் கட்டி போட்டது போட்டபடி இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மூடியின் மேல் பஸ் நம்பர் எழுதுகிற பெயிண்டால் ‘தங்கச்சி மருந்து’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

“ரெண்டு மூணு புட்டியாவது கைப்பையில வெச்சுக்கறேங்க,” என்றேன் வீட்டில்.

“எதுக்கு? அவ்வளவு மெனக்கெட்டுச் செஞ்சிருக்கார். பெட்டிக்கு வெளிய இருந்தா அது கெட்டுப்போகும், அப்புறம் அதையே மறந்தாப்ல போட்டுக்குவ. எல்லாம் உள்ளயே இருக்கட்டும்.”

எல்லாவற்றையும் உள்ளேயே வைத்தேன்.

போய் இறங்கிய ஊரில் காற்றே ஈரமாக இருந்தது. ஓட்டல் அறையில் படுக்கை விரிப்பைத் தொட்டால் காயுமுன்னே கொடியிலிருந்து எடுத்த மாதிரி சில்லிட்டது. மூக்குக் கண்ணாடி நிமிடத்துக்கு ஒருமுறை மங்கியது. ஏசி அண்ணன் பையைக்கூட வைக்காமல் நேரே ஓட்டல் சமையல்காரரிடம் போய், கையாலேயே பேசி, ஜெல் பொட்டலங்களை உறைபெட்டியில் வைக்க இடம் பிடித்துவிட்டார். சாயங்காலமானால் பழையதை எடுத்துப் புதியதைச் செருகுவார். காலையில் என் அறைக் கதவைத் தட்டி, மருந்துப் புட்டியை இரண்டு கையாலும் பொத்திக் கொண்டுவந்து கொடுப்பார். “இந்தா தங்கச்சி. பதமா இருக்கு,” என்பார். தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருந்தது மருந்து. நான் போட்டுக்கொண்டேன்.

முதல் நாளே விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. பயணம், தூக்கமில்லை, நேரம் மாறிய சாப்பாடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். மறுநாள் இன்னும் ஏறியது. இன்னும் கூட்டினேன். மருந்து போகிற சுவடே இல்லை. வழக்கமாக ஒரு பொட்டு கூடினாலே எனக்குக் கை நடுங்கி வியர்த்துவிடும். இப்போது அவ்வளவு போட்டும் உடம்பு அம்மிக்கல் மாதிரி அசையாமல் இருந்தது. அப்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“என்னங்க, மருந்து வேலை செய்யலை,” என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் மீட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். அதுதான் தாங்க முடியவில்லை.

“காலையில அந்தப் பழ மேஜைகிட்ட நின்னியே, என்ன எடுத்த?”

“ஒண்ணும் எடுக்கலை. பார்த்தேன், அவ்வளவுதான்.”

“சரி சரி. எடுத்தாலும் தப்பில்லை, சொல்லிட்டு எடு. நான் திட்டவா போறேன்?”

பழ மேஜை இருந்தது வாஸ்தவம். சாப்பாட்டுக் கூடத்தின் நட்டநடுவில் பப்பாளியும் அன்னாசியும் மாம்பழமும் துண்டு துண்டாக வெட்டி மலைபோல் குவித்திருந்தார்கள். ஒட்டுமொத்தக் கூட்டமும் அதன் மேல் விழுந்து எழுந்தது. நான் தொடவில்லை. இது என் உயிர். இதைப் போய் ஒரு துண்டு மாம்பழத்துக்கு விற்பேனா? ஆனால் அன்று மதியத்திலிருந்து என் தட்டு பொதுச் சொத்தாகிவிட்டது. செக்கர் சாரின் மனைவி, எங்களுக்குச் செக்கரம்மா, என் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். சோற்றை நான் எடுக்குமுன் அவர் கரண்டி வந்து பாதியைத் தள்ளும். ஆளாளுக்கு நாட்டாமை. “நாக்கைக் கட்டுங்கம்மா, இன்னும் கொஞ்ச நாள்தானே,” என்று, என்னிடம் அதுவரை முகம் கொடுத்துப் பேசாத ஒரு டிரைவர்கூடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏசி அண்ணனைத் தனியாகப் பிடித்தேன்.

“அண்ணே, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. மருந்துல ஏதாவது சூடு பட்டிருக்குமா?”

அந்த அலமாரி உடம்பு அப்படியே ஆடிப்போயிற்று. “சூடா? என் பிள்ளை மேல சத்தியமா சொல்றேன் தங்கச்சி, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு துளி சூடு போகலை. வேணும்னா கையை விட்டுப் பாரு.”

கையை விட்டேன். விரல் மரத்துப்போனது. சத்தியத்தை நம்பினேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு தாகம் ஆரம்பித்தது. குடிக்கக் குடிக்க அடங்காத தாகம். குடித்ததெல்லாம் உடனே வெளியே போக வேண்டும். பஸ்ஸோ நினைத்த இடத்தில் நிற்காது. ஒவ்வொரு தடவையும் முன்னால் போய் வழிகாட்டி அம்மாளிடம் கெஞ்ச வேண்டும். மஞ்சள் குடை வைத்திருந்த, எங்கள் மொழியை உடைத்து உடைத்துப் பேசுகிற, நல்ல பெண்மணி. அவள் நிறுத்தச் சொல்வாள். நான் இறங்கிப் புதர் மறைவுக்குப் போவேன், பஸ்ஸே ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருக்கிற பாவனை செய்யும். அவமானத்தில் உடம்பு கூசியது.

நாக்கு வறண்டதைச் செக்கர் சார் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டால் சும்மா இருப்பாரா? பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி டம்ளரை நீட்டினார்.

“சார், இதுல சர்க்கரை இருக்கு. எனக்கு விஷம் சார் இது.”

“மருந்தும்மா இது. வெயில்ல நீர் வத்திப்போச்சு உங்களுக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, நாக்கு வறண்டா கேள்வி கேக்கக் கூடாதுன்னு?”

“என் மருந்து வேலை செய்யலை சார். ஒரு மருந்துக்கடையில நிறுத்தச் சொல்லுங்க. புதுசா வாங்கிக்கறேன்.”

“பெட்டி நிறைய மருந்து இருக்கு. மருந்துக்கடை எதுக்கு? வாயைக் கட்டாம ஊரெல்லாம் மருந்து வாங்கிப் போட்டா ஆச்சா?”

பெட்டி நிறைய மருந்து இருந்தது உண்மைதான். முப்பது வருஷம் ஒழுங்காக வேலைக்கு வந்த மருந்து திடீரென்று வேலைநிறுத்தம் செய்கிறது என்றால் யார் நம்புவார்கள், அதுவும் டிப்போக்காரர்கள்? அரை டம்ளர் என் வாயில் போயிற்று. வீட்டுக்காரர் என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவ்வளவு அன்பாகப் பிடித்திருந்தார்.

அருவிக்குப் போகிற மலைப்பாதையில் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. மூச்சு எனக்கே கேட்கிற மாதிரி ஆழமாக, வேகமாக இழுத்தது. செக்கரம்மா என் முகத்தருகே குனிந்து ஈரத்துணியால் துடைத்தவர், சட்டென்று நிமிர்ந்து மூக்கைச் சுருக்கினார். மறுபடி குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“பழ வாசனை வருது,” என்றார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. “நல்லா பழுத்த பழ வாசனை. வாயிலேர்ந்து வருது. நான் அப்பவே சொல்லலை?”

அந்த வாசனை என்னவென்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருதரம் இதே மாதிரி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் என் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. இன்சுலின் இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கினால் மூச்சில் அழுகிய பழ வாசனை வரும், வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்றார். அதைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. “பழம் இல்லை, இது நோய், ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி,” என்று கரடியாகக் கத்தினேன். பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் என் கைப்பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கைக்குட்டை, மீட்டர், ஊசி உறை, கண்ணாடிக் கூடு. அடித்துணி வரை தடவிப் பார்த்தார். பழம் தேடினார். அத்தனை பேர் முன்னால், பஸ் செக்கிங்கில் பையைக் கொட்டுகிற மாதிரி, என் வீட்டுக்காரர் என் பையில் பழம் தேடினார். எனக்கு அழுகை வந்தது, கண்ணில் நீர் வரவில்லை. உடம்பில் மிச்சமில்லை போலிருக்கிறது.

“ஒண்ணும் இல்லையே,” என்றார் அவர், கூட்டத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி.

“உள்ள போனது பையில எப்படி இருக்கும்?” என்றார் செக்கரம்மா.

வழிகாட்டி அம்மாள்தான் எழுந்துவந்து என் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் பேச்சு முழுக்கப் புரியாதது என் அதிர்ஷ்டம். யார் என்ன தின்றார்கள் என்ற வழக்கு அவளுக்குத் தெரியாது. ஒரு பெண் மூச்சு விடச் சிரமப்படுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. டிரைவரிடம் ஏதோ கத்தினாள். செக்கர் சார், அருவி, நேரம், முன்பதிவு என்று என்னவோ சொன்னார். அவள் குடையை நீட்டி அவரை உட்காரச் சொன்னாள். குறுகலான பாதை, உடனே திரும்ப முடியாது. பஸ் மேலே போய், அகலமான வளைவு ஒன்றைக் கண்டுபிடித்து, முன்னும் பின்னுமாக நகர்ந்து திரும்பியது. அவ்வளவு நேரமும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். செத்த பிறகும் மாம்பழம் தின்று செத்தாள் என்றுதான் சொல்வார்கள் என்பது அதைவிட எரிந்தது.

பிறகு பாதி பாதியாகத்தான் நினைவிருக்கிறது. அடிவாரத்துச் சிற்றூர் ஆஸ்பத்திரி. பச்சை வண்ணம் உரிந்த நீளமான கூடம், இரும்புக் கட்டில், தலைக்கு மேல் கிறுகிறுவென்று சுற்றுகிற விசிறி. கையில் ஊசி ஏற்றி இரண்டு பக்கமும் சொட்டு மருந்து மாட்டினார்கள். கண் திறந்தபோது ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்திருந்தது. கட்டிலைச் சுற்றி எங்கள் கூட்டம் நின்றிருந்தது. ரப்பர் செருப்பு போட்ட ஒரு டாக்டரம்மா ஏதோ கேட்க, வழிகாட்டி அம்மாள் எங்களுக்குச் சொன்னாள்.

“ஊசி போட்டு இருக்கு, ஆனா உடம்புல இன்சுலின் இல்லாத மாதிரி இருக்கு. மருந்து எங்க வெச்சீங்க?”

ஏசி அண்ணன் பஸ்ஸுக்கு ஓடினார். பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திவந்து மேஜை மேல் வைத்தார். தன்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம், கூடவே தன் வேலையில் இருக்கிற பெருமை, இரண்டும் சேர்ந்து அவர் மூச்சுவிடாமல் பேசினார்.

“சூடுங்கற பேச்சுக்கே இடமில்லை டாக்டரம்மா. காலையில மூடியைத் திறந்தா புட்டியெல்லாம் கல்லு மாதிரி இருக்கும். அவ்வளவு குளிரு. அப்படியே ஊசியில ஏத்த முடியாது, தங்கச்சிக்கும் வலிக்கும்னு, கொஞ்ச நேரம் உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சு, தண்ணியா இளக்கித்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். ஒருநாள்கூடத் தவறலை.”

வழிகாட்டி அம்மாள் உடனே மொழிபெயர்க்கவில்லை. அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. அவள் சொன்னதை வழிகாட்டி அம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“ஒரு தடவை உறைஞ்சா இந்த மருந்து செத்துடும். திரும்பத் தண்ணி ஆனாலும் உயிர் வராது. இவங்க இத்தனை நாள் போட்டது சும்மா தண்ணி.”

ஏசி அண்ணன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குவதைப் பார்க்க முடியவில்லை. உங்கள் மேல் தப்பில்லை அண்ணே என்று சொல்ல நினைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை, இன்றைக்கும் வரவில்லை. அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

“நான் படிச்சதுல குளிர வெக்கணும்னுதான் போட்டிருந்துச்சு. உறையக் கூடாதுங்கற பாயிண்ட் எனக்குத் தெரியாமப்போச்சே,” என்றார் செக்கர் சார், தனக்குத்தானே. செக்கரம்மா என் கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தார். டிரைவர்கள் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு நழுவினார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு விம்மினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர், அதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது.

“இவ்வளவு தூரம் விட்டுட்டியே,” என்றார் அழுகையினூடே. “மருந்து வேலை செய்யலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் விரலை உதட்டில் வைத்து, பேசக் கூடாது என்று சைகை காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“சரி விடு, இப்பப் பேசாத,” என்றார். “ஆனா இனிமே எதுவா இருந்தாலும் மனசுக்குள்ள வெச்சுக்காம வாயைத் திறந்து என்கிட்ட சொல்லு.”